பன்மொழி நகரமும் பேச்சறி பொறியும்: கொச்சி கற்பிக்கும் பாடம்

கொச்சி மாநகராட்சியின் மேற்குக் கரையில் மட்டாஞ்சேரியும் போர்ட் கொச்சியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரு முற்பகலில் நடந்தே சுற்றிவிடக்கூடிய சிறு நிலப்பரப்பு அது. ஆயினும் அங்கு வழங்கும் மொழிகள் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவை. செர்லாய்ப் பகுதியில் திருமலை தேவஸ்வக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் கொங்கணி ஒலிக்கிறது. குஜராத்தி வீதியில் குஜராத்தியும், மேமன் குடும்பங்களின் இல்லங்களில் கச்சி மொழியும், தக்கணி முஸ்லிம்களிடையே உருதுவும் வழங்குகின்றன. போர்ட் கொச்சியின் சலவைத் துறையில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் சலவையாளர் குடும்பங்கள் வீட்டில் பேசுவது தமிழ். மராத்தி, தெலுங்கு, கன்னடம், துளு ஆகியவற்றைப் பேசுவோரும் உளர். அண்மைக் காலத்தில் வேலை தேடி வந்தோரால் வங்காளமும் ஒடியாவும் அசாமியும் இந்தியும் இவற்றோடு சேர்ந்துள்ளன. இவர்கள் அனைவரையும் வெளியுலகில் இணைப்பது மலையாளம்.

அன்றாட வாழ்க்கையில் இம்மக்கள் மொழியால் இடர்ப்படுவதில்லை. கடைவீதியில் ஒருவர் மூன்று நான்கு மொழிகளில் பேசுவது அங்கு இயல்பு. இடர் தோன்றுவது அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும்தான். மூப்பினாலோ கல்வி வாய்ப்பின்மையாலோ தாய்மொழியை மட்டுமே திறம்படப் பேசக்கூடிய ஒருவர் தம் குறையை எவ்வாறு தெரிவிப்பார்? மருத்துவர் கூறும் அறிவுரையை எவ்வாறு விளங்கிக்கொள்வார்? நம் அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறைதீர்க்க வேண்டி விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் விண்ணப்பம் அளிக்கலாம் என உரிமை வழங்குகிறது. உரிமை தெளிவானது. அதனை நடைமுறைப்படுத்தத் தேவையான மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் இல்லை என்பதும் தெளிவானதே.

இவ்விடைவெளியை நிரப்பக் கணிப்பொறி துணைநிற்குமா? பேச்சைக் கேட்டு எழுத்தாக்கி, வேறொரு மொழியில் பெயர்த்து, மீண்டும் பேச்சாக ஒலிக்கச் செய்யும் அமைப்புகள் இன்று நடைமுறைக்கு வந்துள்ளன. அவை இயங்கும் முறையையும், பிழைபடும் இடங்களையும், அவற்றைப் பயன்படுத்தும் அலுவலர் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் கொச்சியைச் சான்றாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

பழைய மொழிபெயர்ப்புத் தொடர் ஒன்று

பல மொழிகளைத் தொடராகக் கோத்துப் பணியாற்றும் முறை கொச்சிக்குப் புதியதன்று. 1579இல் தமிழ் எழுத்துகளைக் கொண்டு சமய வினாவிடை நூலொன்று கொச்சியில் அச்சிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்த தமிழ் நூலை அடுத்து, இந்திய மொழியொன்றில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் அதுவும் ஒன்றாகும்.

ஒரு நூற்றாண்டு கழித்து, கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீட் மலபாரின் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தொகுக்க முற்பட்டார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலைப் பகுதியைச் சார்ந்த இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் மூலிகைகளின் பயன்களை மலையாளத்தில் எடுத்துரைத்தார். கொங்கணி மொழியினரான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும் தம் அறிவை வழங்கினர். மலையாளத்தில் கூறப்பட்டது முதலில் போர்த்துகீசியத்துக்கும், அதிலிருந்து இலத்தீனுக்கும் பெயர்க்கப்பட்டது. தாவரங்களின் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வடிவங்களில் படங்களுடன் பொறிக்கப்பட்டன.

இத்தொடரில் மாணவர் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, மலையாளமும் இலத்தீனும் ஒருங்கே அறிந்தவர் கிடைப்பது அரிதாக இருந்ததால் இரண்டையும் இணைக்கப் போர்த்துகீசியம் இடைமொழியாகப் பயன்பட்டது. இன்றைய பொறிமொழிபெயர்ப்பில் ஆங்கிலம் வகிக்கும் இடம் ஏறத்தாழ இதுவே. இரண்டாவது, இட்டி அச்சுதனும் ஏனையோரும் தாம் கூறியவற்றுக்குத் தம் மொழியில் தம் எழுத்தில் சான்றுரை அளித்தனர். அச்சான்றுரைகள் நூலிலேயே இடம்பெற்றன. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுமாயின் மூலத்துக்குத் திரும்பிச் செல்ல வழி வைக்கப்பட்டிருந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்நெறியை இன்றைய அமைப்புகளை வடிவமைப்போர் மறத்தல் ஆகாது.

பொறியின் பணிகள்

பேச்சறி அமைப்பு ஒன்றின் பணியை நான்காகப் பகுக்கலாம். பேசப்படும் மொழி இன்னதென்று அறிதல் முதற்பணி. ஒலியை எழுத்தாக்குதல் இரண்டாவது. எழுத்தை வேறு மொழிக்குப் பெயர்த்தல் மூன்றாவது. பெயர்த்ததை ஒலியாக்குதல் நான்காவது. ஒவ்வொரு பணியின் விளைவும் அடுத்த பணிக்கு மூலப்பொருளாகிறது. ஆகவே ஒரு நிலையில் நேர்ந்த பிழையை அடுத்த நிலை பெரும்பாலும் திருத்துவதில்லை. அதனைச் சுமந்தே செல்கிறது.

எளிய கணக்கொன்று இதனை விளக்கும். நான்கு நிலைகளும் தனித்தனியே நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாக இயங்குகின்றன என்றும், ஒன்றன் பிழை மற்றதைச் சாராது என்றும் கொள்வோம். நான்கும் ஒருசேரச் சரியாக அமையும் வாய்ப்பு 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும் 0.656 ஆகும். அதாவது மூன்று முறைகளில் ஏறத்தாழ ஒரு முறை எங்கோ ஒரு பிழை நேரும். ஒவ்வொரு பகுதியும் செம்மையாக உள்ளது என்ற சான்றிதழைக் கொண்டு முழு அமைப்பையும் மதிப்பிடலாகாது என்பது இதனால் பெறப்படும்.

எழுத்து கணிப்பொறிக்குள் புகும் வழி

கணிப்பொறி அறிவது எண்களை மட்டுமே. ஆதலால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கப்பட வேண்டும். இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை 1991இல் இந்தியத் தர நிறுவனத்தின் தரமாக ஏற்கப்பட்டது. உலகப் பொதுமுறையான யூனிகோடும் அதே ஆண்டில் வெளிவந்தது. அதில் இந்திய எழுத்துகளின் வரிசை, இந்தியக் குறியீட்டு முறையின் முந்திய வடிவத்தைத் தழுவியே அமைந்தது.

'கொச்சி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்துகள். யூனிகோடில் அது ககரம், ஒகரக் குறி, சகரம், புள்ளி, சகரம், இகரக் குறி என ஆறு குறியீடுகள். வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவைப்படுவதால் மொத்தம் 18 பைட்டுகள் ஆகின்றன. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்டுகளே போதும். பொறி கையாளும் சிறு துணுக்குகளின் பட்டியல் ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு தயாரிக்கப்பட்டிருப்பின், தமிழ்ச் சொல் பல சில்லுகளாகச் சிதறும். அதனால் ஒரே செய்தியைக் கையாளத் தமிழுக்கு மிகுதியான கணிப்பும் செலவும் ஆகும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். மலையாளத்தில் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகள் 2008இல்தான் யூனிகோடில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்னர் உருவான ஆவணங்களில் அவை வேறு முறையில் பதிவாகியுள்ளன. இவ்வேறுபாடுகளை முதலில் ஒருமுகப்படுத்தாமல் தேடினால், பதிவேட்டில் இருக்கும் பெயரே இல்லை என்று பொறி விடை கூறக்கூடும். பயனாளி ஒருவரின் உதவித்தொகை இத்தகைய காரணத்தால் தடைப்படுமாயின் அதனைச் சிறு பிழை என்று ஒதுக்க இயலாது.

பெயர்களை ஓர் எழுத்திலிருந்து மற்றோர் எழுத்துக்கு மாற்றுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தமிழில் ககரம் 'கடல்' என்பதில் வல்லொலியாகவும், 'தங்கம்' என்பதில் அதிரொலியாகவும், 'பகல்' என்பதில் மெல்லிய உரசொலியாகவும் ஒலிக்கிறது. இடத்தை நோக்கி ஒலியைத் தீர்மானிக்கும் இவ்விதி தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்தும். 'காந்தி', 'கோபால்', 'பாபு' போன்ற பெயர்களுக்கு முழுதும் பொருந்தாது. மலையாளமும் தேவநாகரியும் இவ்வொலிகளைத் தனித்தனி எழுத்துகளால் குறிப்பவை. ஆகவே தமிழிலிருந்து அவற்றுக்குப் பெயரை மாற்றும்போது பொறி ஊகிக்க வேண்டியுள்ளது. ஊகம் தவறினால் இரு ஆவணங்களில் ஒருவரே இருவராகிவிடுவார்.

பேச்சை எழுத்தாக்குதல்

ஒலிவாங்கியில் விழும் பேச்சு, நொடிக்கு 16,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுவது இன்றைய வழக்கம். பழைய தொலைபேசி இணைப்பில் இவ்வளவு 8,000 மட்டுமே. இவ்வெண் தொடரைப் பொறி ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு அளவான சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்கள் மிகுந்துள்ளன என்று காண்கிறது. பின்னர், ஏற்கெனவே எழுத்துடன் இணைத்துக் கற்பிக்கப்பட்ட பல்லாயிரம் மணி நேரப் பேச்சோடு ஒப்பிட்டு, இவ்வொலிக்கு இவ்வெழுத்து என்று கணிக்கிறது. ஒலி ஐயத்துக்கிடமாக இருப்பின், முன்பின் சொற்களை நோக்கி எது பொருந்தும் என்று முடிவு செய்கிறது.

இங்கு பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள வேறுபாடு தடையாகிறது. தமிழில் எழுதப்படுவது ஒன்று, பேசப்படுவது மற்றொன்று. வானொலிச் செய்தியைக் கேட்டுப் பயின்ற பொறி, மட்டாஞ்சேரிக் கடைவீதியின் பேச்சைக் கேட்டால் திகைக்கும். அங்குள்ள தமிழில் மலையாளச் சொற்கள் கலந்திருக்கும். அங்குள்ள மலையாளமோ பாடநூல் மலையாளத்தினின்றும் வேறுபட்டது.

பிழையை அளக்கும் முறையையும் மாணவர் அறிதல் வேண்டும். மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், மிகைப்பட்ட சொற்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, மூலத்தில் உள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சொற்பிழை விகிதம் கிடைக்கும். உலகெங்கும் இவ்வளவுகோலே வழக்கில் உள்ளது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அது முற்றிலும் நம்பத்தக்கதன்று.

மருத்துவர் ஒருவர், 'நாளை காலை மருந்து சாப்பிட வேண்டாம்' என்று கூறுவதாகக் கொள்வோம். இதில் ஐந்து சொற்கள் உள்ளன. பொறி இதனை, 'நாளை காலை மருந்து சாப்பிட வேண்டும்' என்று எழுதினால் மாறியது ஒரு சொல்லே. சொற்பிழை விகிதம் 20 விழுக்காடு. மாறாக, 'நாளை காலை மருந்து சாப்பிடவேண்டாம்' என்று கடைசி இரு சொற்களையும் சேர்த்து எழுதினால், ஒரு சொல் மாறியதாகவும் ஒரு சொல் விடுபட்டதாகவும் கணக்காகும். விகிதம் 40 விழுக்காடு. நோயாளிக்குத் தீங்கு விளைக்கும் பிழைக்கு இவ்வளவுகோல் குறைந்த தண்டனையும், தீங்கற்ற சேர்த்தெழுத்துக்கு இருமடங்கு தண்டனையும் விதிக்கிறது. எழுத்து வாரியாகக் கணக்கிட்டாலோ முதற்பிழை இன்னும் சிறிதாகிவிடும். ஒரே ஓர் உயிர்க்குறிதான் மாறியுள்ளது. ஆகவே ஒட்டுமொத்த விகிதத்துடன் நில்லாமல், எதிர்மறைச் சொற்கள், எண்கள், நாள்கள், மருந்துப் பெயர்கள், ஆட்பெயர்கள் ஆகியவற்றில் நேரும் பிழைகளைத் தனியே அளந்து காட்டுமாறு அமைப்பை வழங்குவோரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளத்தில் அமைந்துள்ள கேரள உயர் நீதிமன்றம், 2025 நவம்பர் 1 முதல் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்யப் பேச்சை எழுத்தாக்கும் கருவியைப் பயன்படுத்துமாறு பணித்தது. சாட்சி கூறிய 'கண்டேன்' என்ற சொல் 'கண்டிலேன்' என்று பதிவானால் வழக்கின் போக்கே மாறும். கருவி விரைவைத் தரும். பதிவைச் சாட்சிக்குப் படித்துக் காட்டிச் சரிபார்க்கும் கடமை மனிதரையே சாரும்.

வெள்ளமும் வெள்ளமும்

மொழி இன்னதென்று அறியும் முதற்பணி எளிதெனத் தோன்றும். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இடத்தில் அது எளிதன்று. 'வெள்ளம்' என்ற சொல்லைக் காண்க. தமிழில் அது ஊரை மூழ்கடிக்கும் பெருக்கு. மலையாளத்தில் அன்றாடம் குடிக்கும் நீருக்கே அப்பெயர். பெருக்கினை அவர்கள் 'வெள்ளப்பொக்கம்' என்பர். குழாயில் நீர் வந்ததா என்று ஒருவர் மலையாளத்தில் கேட்பதைப் பொறி தமிழ் என்று கருதினால், பேரிடர் வந்ததாகப் பொருள் கொள்ளும். பேரிடரைக் குறித்துத் தமிழர் ஒருவர் தெரிவிக்கும் செய்தியை அது மலையாளம் என்று கருதினால், குடிநீர்ப் புகாராகக் கீழே தள்ளிவிடும். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தைக் கண்ட கேரளத்தில் இவ்வேறுபாட்டின் மதிப்பை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மேலும், ஒரே வாக்கியத்தில் இரு மொழிகள் கலப்பது இப்பகுதியின் இயல்பு. முதல் மூன்று சொற்கள் கொங்கணியாகவும், அடுத்த இரண்டு மலையாளமாகவும், இடையில் ஓர் ஆங்கிலச் சொல்லாகவும் அமைந்த பேச்சினை 'இது இன்ன மொழி' என்று ஒரு பெட்டியில் இடும் அமைப்பு பயன்படாது. வாக்கியம்தோறும் என்றில்லாமல் சொல்தோறும் மொழியை மதிப்பிடும் அமைப்பே இங்குத் தேவைப்படுகிறது.

இடைமொழியில் இழப்பவை

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இன்று 22 மொழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஏனைய 21க்கும் பெயர்ப்பதாயின் 462 வழிகள் ஆகும். ஒவ்வொரு வழிக்கும் தனி அமைப்பை உருவாக்குவது பெருஞ்செலவு. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டால் ஆங்கிலத்துக்குள் 22, ஆங்கிலத்திலிருந்து 22 என 44 வழிகள் போதும். இச்சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு.

தமிழில் 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும் வேறு. முன்னது கேட்பவரையும் உள்ளடக்கும், பின்னது அவரை விலக்கும். மலையாளத்திலும் 'நம்மள்', 'ஞங்ஙள்' என இவ்வேறுபாடு உண்டு. இரு மொழிகளுக்கும் பொதுவான இந்நுட்பம் ஆங்கிலத்தைக் கடந்து செல்லும்போது அழிந்துபோகிறது. 'நாங்கள் வரி செலுத்தினோம்' என்று மக்கள் அலுவலரிடம் கூறுவது, 'நாம் வரி செலுத்தினோம்' என்று மறுகரையில் வந்து சேரலாம். நீ, நீங்கள், தாங்கள் என்னும் மதிப்பு வேறுபாடும் அவ்வாறே மறையும். எழுபது வயது மூதாட்டியைப் பொறி 'நீ' என்று விளித்தால் சேவை கிடைத்தும் மதிப்பு கிடைக்கவில்லை என்றே அவர் கருதுவார்.

நேரடியாகப் பெயர்ப்பதிலும் சிக்கல் இல்லாமலில்லை. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று வினைமுற்று பால் காட்டும். மலையாளத்தில் இவை அனைத்துக்கும் 'வந்நு' என்பதே வடிவம். மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும்போது வந்தவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறி சூழலிலிருந்து உய்த்துணர வேண்டும். உணர இயலாதபோது ஆண்பாலை இட்டு நிரப்பாமல், 'வந்தார்' என்ற பொது வடிவத்தை மேற்கொள்ளுமாறு அதனைப் பழக்குதல் நலம்.

அண்மைக் காலத்தில் பல மொழிகளை ஒரே அமைப்புக்கு ஒருசேரக் கற்பிக்கும் முறை வலுப்பெற்றுள்ளது. உறவு மொழிகள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்பது இதன் சிறப்பு. மராத்தியில் கற்றது கொங்கணிக்குக் கைகொடுக்கும். ஆயினும் வலிய மொழி மெலிந்த மொழியைத் தன்வயப்படுத்தும் ஆபத்தும் இதில் உண்டு. கொங்கணி என்ற பெயரில் மராத்திச் சாயலான நடையைப் பொறி தருமாயின், அதனைக் கண்டறிய அம்மொழியினர் சோதனையில் பங்கேற்றாக வேண்டும்.

நம் நாட்டின் முயற்சிகள்

இந்திய மொழிகளுக்கிடையே நேரடியாகப் பெயர்க்கும் 'அனுசாரகா' ஆய்வு 1980களில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிப் பின்னர் ஐதராபாத்தில் தொடர்ந்தது. 1991இல் நடுவண் அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மொழித் தரவுகளைத் தொகுத்து வருகிறது. 2022இல் 'பாஷினி' என்னும் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் வாரணாசியில் நடைபெற்ற காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்தி உரை இதன் துணையால் உடனுக்குடன் தமிழில் வழங்கப்பட்டது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஏஐ4பாரத்' ஆய்வுக் குழு, அட்டவணை மொழிகள் 22க்கும் உரிய மொழிபெயர்ப்பு அமைப்பை 2023இல் வெளியிட்டது. 2024இல் அக்குழு வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' பேச்சுத் தொகுப்பில் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரிடமிருந்து திரட்டிய 7,348 மணி நேரப் பேச்சு இடம்பெற்றது. அவ்வெளியீட்டின்போது அதில் எழுத்தாக்கம் பெற்றிருந்தது 1,639 மணி நேரமே. பேச்சைப் பதிவு செய்வதைவிட அதனைப் பிழையின்றி எழுதிச் சரிபார்ப்பதே பெரும்பணி என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

உலக அளவோடு ஒப்பிட்டால் நம் தேவை விளங்கும். அமெரிக்காவின் 'ஓப்பன்ஏஐ' நிறுவனம் 2022இல் வெளியிட்ட 'விஸ்பர்' அமைப்பு 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பயின்றது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். 2023இல் 'மெட்டா' நிறுவனம் 1,100க்கும் மேற்பட்ட மொழிகளின் பேச்சை எழுத்தாக்கும் அமைப்பை வெளியிட்டது. அதற்குப் பெருமளவில் பயன்பட்டவை புதிய ஏற்பாட்டினை வாசித்த ஒலிப்பதிவுகள். அத்தனை மொழிகளுக்கும் கிடைத்த பொதுத் தரவு அதுவே. ஆயினும் திருநூலை நிதானமாக வாசிக்கும் குரலைக் கேட்டுப் பயின்ற பொறி, படகுத்துறையில் மீன் ஏலம் கூறும் குரலை எவ்வளவு விளங்கிக்கொள்ளும் என்பதைக் களத்தில் சோதித்த பின்னரே கூற இயலும்.

பட்டியலுக்கு வெளியே

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. அவை சீராக்கப்பட்டு 1,369 தாய்மொழிகளாகவும், பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 எனவும் வகைப்படுத்தப்பட்டன. நிருவாகத்துக்கு வகைப்படுத்தல் இன்றியமையாதது. ஆனால் வகையின் பெயரும் வாயில் ஒலிக்கும் மொழியும் ஒன்றாகிவிடா.

மட்டாஞ்சேரியின் கச்சி மொழி இதற்குச் சான்று. கணக்கெடுப்பில் அது சிந்தி என்ற தலைப்பின்கீழ் அடங்குகிறது. சிந்தி அட்டவணை மொழி. அதற்குப் பேச்சறி அமைப்பு உருவாக்கப்பட்டால், கச்சி பேசுவோருக்கும் சேவை கிடைத்துவிட்டதாக ஏட்டில் தோன்றும். கச்சியோ தனித்த ஒலியும் சொல்லும் உடையது. எழுதும்போது பெரும்பாலும் குஜராத்தி எழுத்தில் எழுதப்படுவது. சிந்தியைக் கற்ற பொறி கொச்சியின் கச்சியைப் புரிந்துகொள்ளும் என எதிர்பார்த்தல் தகாது.

கொங்கணியின் வரலாறு நம்பிக்கை தருவது. அம்மொழி 1992இல் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. அவ்வுரிமைக்காகப் பாடுபட்ட அமைப்புகளுள் கொச்சியைச் சார்ந்த கொங்கணி பாஷா பிரச்சார சபாவும் ஒன்று. அட்டவணையில் இடம்பெற்றமையால் இன்று பேச்சுத் தொகுப்புகளிலும் மொழிபெயர்ப்பு அமைப்புகளிலும் கொங்கணி இடம்பெறுகிறது. எனினும் அது தேவநாகரி, உரோமன், கன்னடம், மலையாளம் எனப் பல எழுத்துகளில் எழுதப்படுகிறது. கோவாவின் தேவநாகரி வடிவத்தை மட்டும் கற்ற பொறி, மலையாளச் சொற்கள் விரவிய கொச்சிக் கொங்கணிக்கு மீண்டும் ஒருமுறை பழக்கப்பட வேண்டும்.

காலம் கடந்தால் மீட்க இயலாது என்பதற்கும் இப்பகுதியே சான்று. போர்த்துகீசியமும் மலையாளமும் உறவாடியதால் தோன்றிய கலப்பு மொழியொன்று கொச்சியில் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் வழங்கியது. அதனைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரான வில்லியம் ரொசாரியோ, கொச்சியை அடுத்த வைப்பினில் 2010 ஆகஸ்டில் காலமானார். மொழியியலாளர் முன்னரே செய்த பதிவுகளே இன்று எஞ்சியுள்ளன. எந்தப் பொறியாலும் கேட்கப்படாத மொழியைப் பின்னர் எந்தப் பொறியாலும் உயிர்ப்பிக்க இயலாது.

அலுவலர் கருத்திற்கு

மேற்கூறியவற்றினின்று நடைமுறைக்கு உகந்த சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, சராசரி எண்ணை நம்பி ஓர் அமைப்பை ஏற்றல் கூடாது. ஓர் ஊரில் ஆயிரம் பேர் பயனாளிகள் என்றும், அவருள் 900 பேருக்குப் பிழை 10 விழுக்காடு, எஞ்சிய 100 பேருக்கு 60 விழுக்காடு என்றும் கொள்வோம். சராசரி 15 விழுக்காடே. அறிக்கையில் அது நன்றாகவே தோன்றும். அந்நூறு பேருக்கோ அமைப்பு முற்றிலும் பயனற்றது. ஆகவே மொழி, வயது, பால், வட்டாரம் வாரியாகப் பிழை அளவைத் தனித்தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இரண்டாவதாக, சோதனை அந்த ஊரிலேயே நடைபெற வேண்டும். அமைதியான ஒலிப்பதிவு அறையில் பெற்ற வெற்றி, கூட்டம் மிகுந்த மருத்துவமனை வரிசையில் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவதாக, மூலப் பேச்சைப் பாதுகாத்தல் வேண்டும். இட்டி அச்சுதனின் சான்றுரையைப் போல, மொழிபெயர்ப்பில் ஐயம் எழும்போது திரும்பிப் பார்க்க மூலம் இருத்தல் அவசியம். அதே வேளையில் குரல் ஒருவரின் தனிப்பட்ட உடைமை. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு இணங்க, எதற்காகப் பதிவு செய்யப்படுகிறது என்பதைப் பேசுபவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, இசைவு பெறுதல் கடமையாகும்.

நான்காவதாக, பொறி தான் ஐயுறும் இடத்தை வெளிப்படையாகக் காட்டுமாறு அமைக்கப்பட வேண்டும். உறுதியற்ற விடையை உறுதியான குரலில் கூறும் அமைப்பே மிகுந்த தீங்கு செய்வது. ஐயம் குறிப்பிட்ட அளவைக் கடந்தால், அழைப்பு உடனே மொழியறிந்த மனிதரிடம் செல்லுமாறு வழி செய்தல் வேண்டும்.

ஐந்தாவதாக, தரவு திரட்டும் பணியில் உள்ளூர் மக்களே பங்கேற்க வேண்டும். மட்டாஞ்சேரியின் கல்லூரி மாணவர்கள் தம் வீட்டு முதியோரின் பேச்சை இசைவுடன் பதிவு செய்து, எழுதி, சரிபார்க்கப் பயிற்சி பெற்றால், கச்சிக்கும் கொச்சிக் கொங்கணிக்கும் நம்பத்தக்க தொகுப்பு உருவாகும். அவ்வுழைப்புக்கு உரிய ஊதியம் வழங்கப்படுதல் முறையாகும்.

முடிவுரை

மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாகப் பொறியைக் கொள்வதைவிட, மொழிபெயர்ப்பாளரே இல்லாத இடத்தில் முதல் உதவியாக அதனைக் கொள்வதே இன்றைய நிலையில் பொருத்தமாகும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் தொடர்பு கொள்ள இடமளித்தது. ஏனைய சிறுபான்மை மொழியினருக்கு ஆங்கிலமே வழியாக அமைந்தது. எல்லா மொழிகளுக்கும் ஆள் அமர்த்த இயலாத அக்காலத்தில் அது தவிர்க்க இயலாததாக இருந்திருக்கலாம். இன்று அத்தடையைத் தளர்த்தும் கருவி நம் கைக்கு எட்டியுள்ளது.

அக்கருவி பெரிய மொழிகளுக்கு மட்டும் செவிசாய்க்குமாறு அமையுமாயின், முன்பு அலுவலகத்தின் வாயிலில் இருந்த தடை பொறியின் வாயிலுக்கு மாறியதாகவே முடியும். செர்லாய்த் தெருவின் கொங்கணி மூதாட்டியும், குஜராத்தி வீதியின் கச்சி வணிகரும், சலவைத் துறையின் தமிழ்த் தொழிலாளியும் தம் சொந்தப் பேச்சில் ஒரு குறையைக் கூறி, அது பிழையின்றிப் பதிவாகி, அவர்களுக்குப் புரியும் சொற்களில் விடை கிடைக்கும் நாளே இத்தொழில்நுட்பத்தின் வெற்றியை அளக்கத் தக்க நாளாகும்.